ஸ்பிரிங்கைக் கயிறு கட்டிக் கழற்றாதீர்கள்



சென்ற வாரம் எதிர்வீட்டுப் பையன் தன் பைக்கின் பின் ஷாக் அப்சார்பரைக் கழற்றித் திண்ணையில் வைத்து, ஸ்பிரிங்கில் நைலான் கயிற்றைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, கையை எடு!" என்று நான் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். பள்ளிக்கூடக் குரல் இன்னும் போகவில்லை. பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. அவனுக்குச் சொன்ன காரணத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலர் வீட்டிலேயே வண்டி வேலை பார்க்கிறவர்கள்.

வண்டியிலிருந்து கழற்றிய ஷாக் அப்சார்பர் சும்மா கிடப்பதுபோல் தெரியும். ஆனால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டித்தான் அதைச் செய்கிறார்கள். சுருள்வில் தராசில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எடை இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கும் என்று வகுப்பில் காட்டினேனே, நினைவிருக்கிறதா? ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்ட விதி. அமுக்கினாலும் அதே கணக்குதான். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ விசை கேட்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 20 மில்லிமீட்டர் அமுங்கிய நிலையில் பூட்டியிருந்தால் 40 கிலோ. பூட்டை எடுக்க இன்னும் கொஞ்சம் அமுக்க வேண்டும். அந்த நேரத்தில் கயிறு நழுவினால் அத்தனையும் குனிந்திருக்கிற முகத்துக்குத்தான்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன், இப்போது பட்டறை வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்றான். அவனோடு படித்தவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். அவனுடைய வலது ஆள்காட்டி விரல் நகம் கோணலாக வளர்ந்திருக்கும். தொழில் பழகிய காலத்தில் ஒரு ஸ்பிரிங் கொடுத்தது. "சார், எலும்பு தப்பிச்சதே பெரிசு" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் என் வண்டிக்கு அவன்தான் வீட்டுக்கு வந்து வேலை பார்த்தான். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினான். மறுபக்கம் சக்கரத்தைத் தாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் இரு பக்கமும் எதிரெதிராகக் கொக்கி மாட்டும் கம்ப்ரஸரைப் பொருத்தி, இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று மாறி மாறி முடுக்கினான். பிறைபோன்ற இரண்டு பூட்டுத் துண்டுகள் தானாகத் தளர்ந்து கையோடு வந்தன. ஒரு சத்தம் இல்லை.

பிறகு நடுவிலுள்ள ராடை என் கையில் கொடுத்து, "அமுக்கிப் பாருங்க சார்" என்றான். உள்ளே எண்ணெயில் பிஸ்டன் இருக்கிறது. அதன் சின்னத் துளைகள் வழியாக எண்ணெய் நெருக்கிப் பாய்வதால்தான் ஆட்டம் அடங்குகிறது. அந்த ஆற்றல் வெப்பமாகிப் போய்விடுகிறது. நல்ல ராடு மெதுவாக, ஒரே சீராகப் போகும். இழுக்கும்போது இன்னும் கனமாக இருக்கும். என்னுடையது சைக்கிள் பம்பு மாதிரி சளசளவென்று போய் வந்தது. சீல் ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை துள்ளியது எதனால் என்று அப்போது விளங்கியது.

"இதைத் திறந்து எண்ணெய் ஊற்ற முடியாதா?" என்று கேட்டேன். அந்த உருளை வாய் மடித்து மூடியது, திறக்கிற சாமான் இல்லை என்றான். வாயு அடைத்த வகை என்றால் துளையே போடக் கூடாது. அழுத்தத்தோடு பீய்ச்சி அடிக்கும். இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிதாக வாங்கி மாட்டினோம். ஒன்றை மட்டும் மாற்றினால் பின்பக்கம் ஒரே மாதிரி அடங்காது.

எதிர்வீட்டுப் பையன் மறுநாள் அவன் பட்டறைக்கே போய்க் கழற்றக் கற்றுக்கொண்டு வந்தான். உள்ளூரில் இருப்பவர்களுக்குக் கம்ப்ரஸர் வேண்டுமானால் என்னைக் கேளுங்கள், அவனிடம் வாங்கித் தருகிறேன். வெளியூர்க்காரர்கள் பக்கத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள், கூலி பெரிதாக இருக்காது.