மூன்று பிடி உப்பு



'கச்சாங் பூத்தே' என்னும் மலாய்ச் சொல்லுக்கு வெள்ளைக் கடலை என்பது நேர்ப்பொருள். ஆயினும் மலேசியாவில் அப்பெயரைக் கேட்டதும் நம் மனத்தில் தோன்றுவது கடலை மட்டுமன்று. அவித்த கொண்டைக்கடலை, வறுத்த பட்டாணி, நிலக்கடலை, முறுக்கு, ஓமப்பொடி, பகோடா என உப்பும் உறைப்புமான நொறுக்குத்தீனி அனைத்தும் அதனுள் அடக்கம். தலையில் தட்டைச் சுமந்தும், மிதிவண்டியில் கட்டியும், திரையரங்கு வாசல்களில் நின்றும் நம்மவர் விற்ற பண்டம் அது. பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டி அதில் அள்ளிப் போட்டுக் கொடுப்பார்கள். கூம்பு கொள்வதே ஓர் ஆளுக்குரிய அளவு. (பயிற்சிப் புத்தகத் தாளாக அமைந்துவிட்டால், தின்று முடித்தபின் யாரோ ஒரு மாணவனின் தவறான கணக்கையும் படித்துச் சிரிக்கலாம்.)

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் ஒரு பகுதிக்கே 'கம்போங் கச்சாங் பூத்தே' என்று பெயர் நிலைத்துவிட்டது. அங்குள்ள பல குடும்பங்களின் முன்னோர் பாரதி பிறந்த எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பர். தீபாவளிக்கு நாம் வாங்குவது போலவே நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் மற்றவர்கள் முறுக்கு வாங்கிச் செல்கிறார்கள். எந்த வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்குச் சென்றாலும் பலகாரப் புட்டிகளின் வரிசையில் முறுக்குக்கும் ஓர் இடம் உண்டு.

இத்துணை விரும்பித் தின்னப்படும் பண்டத்தின் பெயர்தான் தமிழனை இகழும் சொல்லாகவும் வழங்கிவந்திருக்கிறது. தெருவில் அச்சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்து நடந்தவர்கள் நம் தந்தையர் தலைமுறையில் பலர்.

என் ஐந்தாம் ஆண்டு வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை இரவுச் சந்தைகளில் கச்சாங் பூத்தே விற்பவர். மாணவர் விவரப் பாரத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'சொந்தத் தொழில்' என்று எழுதியிருந்தான். என்ன தொழில் என்று பக்கத்திலிருந்தவன் கேட்டதற்கு, "வியாபாரம்" என்று முணுமுணுத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டான். நானும் துருவிக் கேட்கவில்லை.

சில வாரங்கள் கழித்து நலக்கல்விப் பாடத்தில் உப்பைப் பற்றிப் பேசவேண்டி வந்தது. பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள்ளாகவே, உப்பு உண்ணவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மலேசியரோ சராசரியாக 7.9 கிராம் உண்கிறார்கள் என்று 2017-2018இல் எடுக்கப்பட்ட நாடளாவிய ஆய்வு காட்டியது. கடையில் விற்கும் நொறுக்குத்தீனிப் பொட்டலங்களைக் கொண்டுவரச் சொன்னேன். அவற்றின் பின்புறம் உப்பென்று எழுதியிருக்காது, சோடியம் என்றிருக்கும். அதனை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். ஒரு பொட்டலத்தில் 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தது. ஆக, உப்பு 2 கிராம். மாணவர்கள் வாய்பிளந்தனர்.

அப்போது அவன் எழுந்தான். "டீச்சர், அப்பா விற்கிற பைகளில் இந்தப் பட்டியலே இல்லையே? எப்படிக் கணக்குப் போடுவது?"

வகுப்பு திரும்பிப் பார்த்தது. அப்பா என்ன விற்கிறார் என்று யாரோ கேட்டார்கள். "கச்சாங் பூத்தே" என்றான். ஒருவன் சிரித்தான், மற்றவர்கள் கடலை கொண்டுவருவாயா என்று கேட்டார்கள்.

எவ்வளவு உப்பு என்று தந்தையிடம் கேட்டுவரச் சொன்னேன். மறுநாள் விடை வந்தது: 5 கிலோ கொண்டைக்கடலைக்கு மூன்று பிடி. பிடி என்றால் எத்தனை கிராம்? தந்தை அள்ளிப் போட்ட மூன்று பிடி உப்பை ஒரு பையில் கட்டி எடுத்தே வந்திருந்தான். அறிவியல் அறைத் தராசில் நிறுத்தோம். 120 கிராம். கடலை வெந்தபின் ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 10 கிலோ எடை வரும். உப்பு முழுவதும் கடலையில் ஏறினாலும் 100 கிராமுக்கு 1.2 கிராம்தான். வடித்த நீரில் ஒரு பகுதி போய்விடுமாதலால் உண்மையில் அதனினும் குறைவே. 50 கிராம் கொள்ளும் கூம்பில் 0.6 கிராமைத் தாண்டாது.

அவன் முகம் மலர்ந்தது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. முறுக்கு மாவுக்கும் அதே கணக்கைப் போட்டான். அது கிட்டத்தட்டக் கடைப் பொட்டலத்தையே எட்டியது. அதைப் பலகையில் அவனே எழுதினான். நம் பலகாரம் என்பதற்காக முறுக்குக்குச் சலுகை காட்டமுடியாது. அதில் எண்ணெய் வேறு இருக்கிறது. முறுக்கு தீபாவளிக்கும் விருந்துக்கும், அவித்த கடலை பசித்த மாலைக்கும் என்று என் வீட்டில் நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அவன் தந்தை வகுப்பு முழுமைக்கும் கடலை கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு கேள்வியும்: இரண்டு பிடி போட்டால் போதுமா? மாணவர்கள் கணக்கிட்டு, 100 கிராமுக்கு 0.8 கிராமுக்குமேல் போகாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அவரும் ஓர் இரவுச் சந்தையில் அவ்வாறே செய்து பார்த்தார். வழக்கமாக வாங்குவோர் இருவர், "உப்பு மறந்துவிட்டதா?" என்று கேட்டார்களாம். இப்போது இரண்டரைப் பிடி போடுகிறாராம். அரைப் பிடியை எப்படி அளக்கிறார் என்பதை மட்டும் மகன் இன்னும் கேட்டுவரவில்லை.