ஒரு நாள் பின்தங்கிய தேதி

மார்ச் 15-க்குள் திருப்பித் தரவேண்டிய புத்தகத்துக்குத் திரையில் மார்ச் 14 என்று காட்டுகிறது. டொராண்டோவிலிருந்து ஒரு நூலகர் இப்படி ஒரு இஷ்யூ போட்டிருந்தார். சிறு நூலகங்களுக்கான திறமூலச் செயலி அது. ஓய்வு நேரத்தில் நானும் அதில் வேலை செய்கிறேன். சர்வரில் பைத்தானின் ஜாங்கோ, திரையில் ஜாவாஸ்கிரிப்டின் ரியாக்ட். மதுரையில் என் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தேன். 15 என்றுதான் காட்டியது. "இங்கே சரியாகத்தான் வருகிறது" என்று எழுதி இஷ்யூவை மூடிவிட்டேன்.

இரண்டு வாரத்தில் சாவோ பாவ்லோவிலிருந்து அதே புகார். இந்தத் தடவை என் கணினியை டொராண்டோ நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பார்த்தேன். 14!

பைத்தானில் தேதிக்கென்றே ஒரு வகை உண்டு; அதில் மணியும் இல்லை, ஊரும் இல்லை. ஜாவாஸ்கிரிப்டின் டேட் பெயருக்குத்தான் தேதி. உள்ளே இருப்பது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிவரும் மில்லிநொடிக் கணக்கு. இரண்டுக்கும் நடுவே தபால்காரராக ஓடும் ஜேசனுக்கோ தேதி என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் ஜாங்கோ '2023-03-15' என்று வெறும் எழுத்தாக அனுப்பியது. நாங்கள் அதை அப்படியே டேட்டிடம் கொடுத்தோம். அது யூடிசி நேரப்படி 15-ஆம் தேதி நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டது. அந்த நொடியில் மதுரையில் விடிகாலை 5.30, டொராண்டோவில் முந்தின நாள் இரவு 8 மணி. எங்கள் ஊர் கிழக்கே இருந்ததால் தப்பு என் கண்ணில் படவில்லை.

பைத்தானும் பிழை செய்யவில்லை, ஜாவாஸ்கிரிப்டும் செய்யவில்லை. ஓட்டை இருந்தது கைமாறும் இடத்தில். பெரிய திட்டங்களுக்கும் இந்த இடம் தெரியும். 2016-இல் வெளிவந்த மாஸ்டடான் என்ற சமூக ஊடகச் செயலி, ரூபி ஆன் ரெயில்ஸும் ரியாக்டும் சேர்ந்தது. அதன் பதிவு எண்கள் 64 பிட் நீளம். ஜாவாஸ்கிரிப்டோ சுமார் 9,007 லட்சம் கோடியைத் தாண்டினால் முழு எண்களின் கடைசி இலக்கங்களில் தடுமாறும். ஆகவே மாஸ்டடான் அந்த எண்களை மேற்கோள் குறிக்குள் அடைத்து, எழுத்துச்சரமாகவே அனுப்புகிறது.

எங்கள் திருத்தமும் நாலே வரிதான்: டேட்டைத் தொடாமல், ஆண்டு மாதம் நாளைப் பிரித்து அப்படியே காட்டுவது. தானியங்கிச் சோதனைகளை இப்போது கொல்கத்தா நேரத்திலும் டொராண்டோ நேரத்திலும் ஓட்டுகிறோம். மூடிய இஷ்யூவைத் திறந்து, அந்த நூலகரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

புதிதாகச் சேருபவர்கள், முதலில் ஜாங்கோவைப் படிக்கட்டுமா, ரியாக்டையா என்று கேட்பார்கள். பிரவுசரில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து, நடுவில் போய்வரும் ஜேசனை ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள் என்பேன். கூடவே, கணினியை ஒரு மேற்கத்திய ஊரின் நேரத்துக்கு மாற்றிவிட்டு உட்காரச் சொல்வேன்.