முதல் பந்தியில் எத்தனை பேர்?

2020 ஏப்ரல் மாதம். கிருமிப் பரவல் முறியடிப்பு நடவடிக்கைகள் தொடங்கிச் சில நாள்கள்தான் ஆகியிருந்தன. இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்தைவிட்டு வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தால், ஈப்போவிலிருந்து அம்மா பதினோரு முறை அழைத்திருந்தார்.

"பாட்டு பாதியில நின்னுபோச்சு. உன் குரலும் வரல. உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேம்மா" என்றார்.

எல்லை மூடியிருந்த காலம் அது. தினமும் என் குரலைக் கேட்ட பிறகுதான் அம்மா நிம்மதியாகத் தூங்கப்போவார். சிங்கப்பூர்ப் பண்பலை ஈப்போவரை எட்டாது. இணைய ஒலிபரப்புதான் அவருக்குத் துணை.

எனக்கு வந்த கோபம் அம்மா வீட்டுக்கு இணையச் சேவை தரும் நிறுவனத்தின்மீது பாய்ந்தது. மறுநாள் காலை அழைத்து, "மாசாமாசம் சரியா காசு மட்டும் வாங்குறீங்களே!" என்று கத்தினேன். எதிர்முனையில் இருந்த தமிழ் இளைஞர் பொறுமையாகச் சோதித்துவிட்டு, "அக்கா, அம்மா வீட்டு லைன் நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் நம்பவில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

அன்று மாலை எங்கள் பொறியாளர் அண்ணனிடம் புலம்பினேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். "கோளாறு அங்க இல்லம்மா. நம்மகிட்டதான்."

ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். ஆனால், அன்று அவர் சொன்னதை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. பண்பலையில் பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் ஒலிபரப்புக் கோபுரத்துக்கு ஆகும் மின்சாரம் ஒன்றுதான். இணையத்தில் அப்படியில்லை. கேட்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒலியை அனுப்ப வேண்டும். ஒருவருக்கு விநாடிக்கு 128 கிலோபிட் என்றால், 10,000 பேருக்கு 1.28 கிகாபிட். நிலையம் வாங்கி வைத்திருந்த அளவு சாதாரண நாள்களுக்குப் போதுமானது. ஊரே வீட்டுக்குள் முடங்கி, எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்க வந்தபோது அது போதவில்லை. கடைசியில் வந்தவர்களில் அம்மாவும் ஒருவர்.

"அப்போ கூடுதலா வாங்க வேண்டியதுதானே, அண்ணே?"

"கல்யாணத்துக்கு 500 பேரக் கூப்பிடுறோம். 500 பேரும் முதல் பந்தியிலேயே உட்காரணும்னா எவ்வளவு பெரிய மண்டபம் பிடிக்கணும்?"

இணையத்தை மொத்தமாக வாங்கும்போது, மாதம் முழுவதும் எவ்வளவு பயன்படுத்தினோம் என்பதைவிட, உச்ச நேரத்தில் எவ்வளவு பயன்படுத்தினோம் என்பதை வைத்தே பெரும்பாலும் கட்டணம் போடுவார்களாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, மிக உச்சமான 5 விழுக்காட்டைக் கழித்துவிட்டு, அடுத்து எது அதிகமோ அதற்குப் பணம். இரவு ஒன்பது மணிக் கூட்டத்துக்காகக் கட்டிய வசதி அதிகாலை நான்கு மணிக்குக் காலியாகக் கிடக்கும். அதற்கும் சேர்த்துத்தான் செலவு.

நம் வீட்டு இணையமும் இந்தப் பந்திக் கணக்கில்தான் நடக்கிறது. சிங்கப்பூரில் அப்போது பரவலாக இருந்த கண்ணாடியிழை முறையில், சுமார் 2.5 கிகாபிட் கொள்ளளவை இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் விற்கப்பட்டதோ பெரும்பாலும் 1 கிகாபிட். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் இழுப்பதில்லை என்பதால்தான் மாதம் சில பத்து வெள்ளிக்கு அது கிடைக்கிறது. யாருடனும் பகிராத தனித்தடம் வேண்டுமென்றால் நிறுவனங்கள் கொடுக்கும் விலையை நாமும் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆனாலும், சேவை தருபவர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பந்தியில் இடம் இல்லையென்றால் வாசலில் நின்று, "கொஞ்சம் பொறுங்க, அடுத்த பந்தியில உட்காரலாம்" என்று சொல்வதுதான் நம் மரபு. நாங்கள் அன்று அதைச் செய்யவில்லை. ஈப்போவில் ஒரு தாயைக் காரணம் தெரியாமல் தவிக்கவிட்டோம்.

அன்றிரவே அண்ணன் 128ஐ 64 ஆகக் குறைத்தார். பாட்டின் துல்லியம் கொஞ்சம் குறைந்தது. அதே செலவில் இருமடங்குப் பேர் கேட்க முடிந்தது. அதற்கு முந்தைய மாதம் ஐரோப்பாவில் நெட்ஃபிலிக்ஸ் செய்ததும் ஏறக்குறைய இதுதான். நிகழ்ச்சியின் தொடக்கத்தில், "நேற்று ஒலி தடைப்பட்டது எங்கள் பக்கக் குறை. மன்னிக்கவும்" என்று சொன்னேன்.

இப்போது 10 கிகாபிட் காலம். அதற்கேற்ப நாட்டின் கட்டமைப்பை மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்படும் என்று 2024ல் அரசாங்கம் அறிவித்தது. போன மாதம் என் வீட்டு இணைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி விற்பனையாளர் அழைத்தார். நான் கேட்டது ஒன்றுதான்: "ராத்திரி ஒன்பது மணிக்கு வழக்கமா எவ்வளவு வேகம் கிடைக்கும்?" அவர் சற்றுத் தயங்கி, "பார்த்துச் சொல்றேன் அக்கா" என்றார். இந்த முறை நான் காத்திருந்தேன்.

ஈப்போவில் அன்று என்னிடம் பேச்சு வாங்கிய அந்தத் தம்பியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் சொன்னது உண்மைதான். அம்மா வீட்டு லைன் நன்றாகத்தான் இருந்தது.