ஐம்பதில் வளையுமா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழியை நான் நெடுங்காலம் எனக்கு ஒரு கேடயமாகவே வைத்திருந்தேன். சினம் எங்கள் குடும்பச் சொத்து. பாட்டனாருக்கு இருந்தது, தந்தையாருக்கு இருந்தது, எனக்கும் வந்து சேர்ந்தது. பிறவிக் குணத்தை எவரால் மாற்ற இயலும் என்று சொல்லிக்கொண்டே ஐம்பது வயதை எட்டிவிட்டேன்.

ஒரு நாள் மாலை என் இளைய மகன் பள்ளியிலிருந்து வந்து, "அப்பா, பரீட்சைக் கட்டணம் இன்றைக்குக் கட்டவில்லை" என்று தொடங்கினான். பணத்தைக் காலையில் நானே கொடுத்தனுப்பியிருந்தேன். அவன் அடுத்த சொல்லைக் கூறுமுன் என் கை அவன் கன்னத்தில் விழுந்தது. அவன் அழவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே சென்றான். பணம் வாங்கும் எழுத்தர் அன்று விடுப்பாம். திங்களன்று கட்டலாம் என்று ஆசிரியர் சொல்லியனுப்பினாராம். இதனை என் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். அன்று முதல் எனக்குச் சொல்ல வேண்டியவற்றையெல்லாம் அவன் தன் தாயிடமே சொன்னான்.

அந்நாட்களில்தான் அரிஸ்டாட்டிலின் ஒழுக்கவியல் நூல் என் கைக்கு வந்தது. கி.மு. 384-இல் ஸ்தாகிரா என்னும் ஊரில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். பதினேழாம் வயதில் ஏதென்ஸ் நகரம் சென்று, பிளேட்டோவின் கழகத்தில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் இருந்தார். கி.மு. 335-இல் லைசியம் என்னும் தம் பள்ளியை நிறுவினார். அவருடைய தந்தையின் பெயரும் மகனின் பெயரும் நிக்கோமாக்கஸ் என்பதே. பத்துப் பகுதிகள் கொண்ட அந்நூலும் அப்பெயராலேயே வழங்குகிறது. மகனோடு பேச்சற்றிருந்த எனக்கு இச்செய்தியே நெஞ்சைத் தைத்தது.

ஏழாம் பகுதியில் அவர் சினத்தை அவசரக்கார வேலையாளுக்கு ஒப்பிடுகிறார். எசமான் சொல்வதை முழுதும் கேளாமலே ஓடி, ஏவியதைத் தவறாகச் செய்பவன் அவன். கதவு தட்டும் ஓசை கேட்டதுமே, வந்தவர் நண்பரா என்று பாராமல் குரைக்கும் நாயையும் உவமை காட்டுகிறார். நூலை மூடி வைத்துவிட்டேன். மடித்த அந்த நோட்டுகளே கண்முன் நின்றன.

மறுநாள் இரண்டாம் பகுதியைப் படித்தேன். கிரேக்க மொழியில் பழக்கத்திற்கு 'எதொஸ்' என்று பெயர். குணத்திற்கு 'ஏதொஸ்' என்று பெயர். குறில் நெடிலாவதே வேறுபாடு! கல்லைப் பதினாயிரம் முறை மேலே எறிந்தாலும் அது மேல்நோக்கிச் செல்லப் பழகாது. மனிதனோ அவ்வாறு அல்லன். வீடு கட்டிக் கட்டியே கொத்தனாகிறான். யாழ் மீட்டி மீட்டியே இசைவாணனாகிறான். நேர்மையானவற்றைச் செய்து செய்தே நேர்மையாளனாகிறான். அப்படியாயின் என் சினம் பாட்டனார் தந்த சொத்து மட்டும் அன்று. ஐம்பது ஆண்டுகள் நானே நாள்தோறும் பயின்று தேர்ந்த வித்தை. என் கேடயம் அங்கே உடைந்தது.

பழமொழி முற்றும் பொய் என்பதும் அன்று. இளமைப் பழக்கத்தின் வலிமையை அரிஸ்டாட்டிலும் வற்புறுத்துகிறார். ஆனால் கோணிய மரத்தை நிமிர்த்துவோரையும் அவரே நினைவூட்டுகிறார். அவர்கள் மரத்தை எதிர்ப்பக்கமாக வளைத்தே நேராக்குகின்றனர்; நாமும் எந்தப் பக்கம் சாய்கிறோமோ, அதற்கு மறுபக்கம் நம்மை இழுக்க வேண்டும். சினமே கூடாது என்றும் அவர் சொல்லவில்லை. உரியவர்மீது, உரிய அளவில், உரிய நேரத்தில், உரிய முறையில் சினம் கொள்வதே அரிது என்கிறார். இவற்றைக் கேட்டு மகிழ்ந்து வாளாவிருப்போரை, மருத்துவர் சொல்வதைக் கவனமாய்க் கேட்டுவிட்டு மருந்துண்ணாத நோயாளிகளோடு சேர்க்கிறார். மருத்துவர் மகன் அல்லரோ! பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்நூலுக்கு விரிவான உரை எழுதிய புனித தாமஸ் அக்குவினாசும், நற்பண்பு என்பது உள்ளத்தில் ஊன்றிய நற்பழக்கமே என்று கற்பித்தார்.

நானும் ஒரு சிறு மருந்தை உண்ணத் தொடங்கினேன். எவர் பேசினாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை வாய் திறப்பதில்லை. கைகளைப் பின்னே கட்டிக்கொள்வது. முதல் நாளே பால்காரரிடம் தோற்றேன். இரண்டாம் நாளும் தோற்றேன். என் கோலத்தைக் கண்டு மனைவி நகைத்தாள். ஒரு வாரம் சென்றபின், ஓர் இரவு மகனின் மேசையருகே சென்று, "அன்றைக்கு உன்னை முழுதும் சொல்லவிடாமல் அடித்துவிட்டேன், தவறு என்னுடையது" என்றேன். "அதெல்லாம் முடிந்துபோயிற்று, அப்பா" என்று அவன் புத்தகத்தைப் பார்த்தவாறே சொன்னான்.

ஆனால் முடிந்துபோகவில்லை. சில மாதங்களுக்குப்பின் அவனே என்னெதிரே வந்து நின்றான். "அப்பா, கணக்கில் தோற்றுவிட்டேன்" என்றான். உள்ளே அந்த வேலையாள் ஓடப் புறப்பட்டான், பிடித்து நிறுத்தினேன். எந்தப் பாடம் விளங்கவில்லை, எப்போதிருந்து விளங்கவில்லை என்று அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டேன். பிறகு இருவரும் அமர்ந்து முதற் கணக்கைப் போட்டோம்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். பேசத் தொடங்கியபோது அவன் என் கைக்கு எட்டாத தொலைவில்தான் நின்றிருந்தான். அந்தத் தொலைவை உண்டாக்கியது என் பழக்கம். அதனைக் குறைக்க வேண்டியதும் என் பழக்கமே. ஒரு முறை கேட்டதனால் நான் பொறுமைசாலி ஆகிவிடவில்லை. நாளையும் கேட்க வேண்டும். மறுநாளும் கேட்க வேண்டும். ஐம்பதில் வளையுமா என்று இப்போது நான் எவரையும் கேட்பதில்லை. வளைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.