யானை வருகிறது என்று சொன்னால் போதுமா?



எங்கள் கேமரன் மலைக்குத் தொடர்வண்டி கிடையாது. தொடர்வண்டியில் ஏற வேண்டுமானால் மலையிறங்கிப் பேராக் மாநிலத்துத் தாப்பா ரோடு நிலையத்திற்குத்தான் போக வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் தண்டவாளத்தைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். ஆயினும் அவர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்க, தமிழ்நாட்டுத் தொடர்வண்டிப் பாதை ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொண்டேன். அதன் காரணத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

படிநிலை 2 மாணவர்களுக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நிரலாக்கம் வருகிறது. கைப்பேசியைத் தொட்டால் வீட்டு விளக்கு எரியும், வாசலில் ஆள் வந்தால் கேமரா காட்டிக்கொடுக்கும் என்றால் பிள்ளைகள் வியக்கிறார்கள். இவை கடையில் விலைக்குக் கிடைப்பவை. எந்த வீட்டுக்கும் பொருந்துபவை. ஓர் இடத்தின் துயரை அறிந்து, அந்த இடத்திற்கென்றே உருவாக்கப்படும் அமைப்புகளும் உண்டு. அப்படி ஒன்றைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட எண்ணினேன்.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் தொடர்வண்டிகள், எட்டிமடைக்கும் வாளையாற்றுக்கும் இடையே மதுக்கரை வனச்சரகத்தை ஊடுருவிச் செல்கின்றன. நீரையும் தீவனத்தையும் தேடி யானைகள் காலங்காலமாக நடந்த வழி அது. தண்டவாளம் பிறகு வந்தது. 2008ஆம் ஆண்டிற்குப் பிறகு அப்பகுதியில் 11 யானைகள் தொடர்வண்டி மோதி மாண்டன. 2021 நவம்பர் 26ஆம் நாள் இரவு, நவக்கரை அருகே மங்களூரு – சென்னை விரைவு வண்டி மோதி ஒரே நேரத்தில் மூன்று யானைகள் உயிரிழந்தன.

ஓட்டுநர்மீது பழி போடுவது எளிது. விரைந்தோடும் வண்டியில் அவசரத் தடையைப் போட்டாலும், அது முழுமையாக நிற்பதற்குள் பல நூறு மீட்டர்களைக் கடந்துவிடும். இரவில் முன்விளக்கின் ஒளி அவ்வளவு தூரம் தெளிவாகக் காட்டாது. வளைவுகளில் சொல்லவே வேண்டாம். ஓட்டுநரின் கண்ணுக்கு யானை தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே, அவர் காண்பதற்கு முன்பே வேறொரு கண் காண வேண்டும்.

2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை, 7.24 கோடி ரூபாய் செலவில் அந்தக் கண்ணை அங்கே அமைத்தது. பாதையோரம் 12 கோபுரங்கள் உள்ளன. அவற்றில் சாதாரணக் கேமராக்களும், உடல் வெப்பத்தைக் கொண்டு இருளிலும் உருவத்தைக் காட்டும் கேமராக்களும் இருக்கின்றன. படத்தில் தெரிவது யானைதானா என்பதைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கண்டறிகிறது. யானை தண்டவாளத்திற்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதைப் பொறுத்து எச்சரிக்கையின் நிறம் மாறும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து வனப் பணியாளர்களுக்கும் தொடர்வண்டித் துறையினருக்கும் செய்தி போகும். ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். வனப் பணியாளர்கள் யானைகளைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்துவார்கள். யானைகள் கடந்து செல்லத் தொடர்வண்டித் துறை சுரங்கவழிகளையும் கட்டியுள்ளது.

இதனை வகுப்பில் நடித்துப் பார்த்தோம். ஒருவன் கேமரா, ஒருத்தி மென்பொருள், ஒருத்தி கட்டுப்பாட்டு அறை, ஒருவன் நிலைய அதிகாரி, ஒருவன் ஓட்டுநர். இருவர் யானைகள். முதல் முறை யானைகள் பிழைத்துக்கொண்டன. இரண்டாம் முறை, நிலைய அதிகாரியான சிறுவன் பக்கத்திலிருந்தவனோடு பேச்சில் மூழ்கிவிட்டான். மென்பொருளாக இருந்த மாணவி சினத்தோடு சொன்னாள்: "டீச்சர், நான் சரியாத்தான் சொன்னேன். இவன்தான் கேக்கவே இல்ல!"

நான் கற்பிக்க நினைத்த பாடத்தை அவளே சொல்லி முடித்துவிட்டாள். காண்பதும் சொல்வதும் மென்பொருளின் வேலை. கேட்டுச் செயல்படுவது மனிதரின் வேலை. மென்பொருள் மாட்டைக் கண்டு யானை என்று அடிக்கடி கூவினால், "புலி வருது" கதையாகி, மனிதர் கேட்பதையே நிறுத்திவிடுவர். எனவேதான் அத்தகைய அமைப்பு அந்தக் காட்டையும் அந்த இருளையும் நன்கு அறிந்ததாக இருக்க வேண்டும்.

இது எங்கோ நடக்கும் யானைக் கதை என்று எண்ண வேண்டாம். 2025 மே 11, அன்னையர் நாளன்று, நம் நாட்டின் கெரிக் – ஜெலி சாலையில் கனவுந்து மோதி ஒரு குட்டி யானை இறந்ததையும், தாய் யானை அந்த வண்டியை முட்டி முட்டி நின்றதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். இன்னும் அருகில் வருவோம். 2013 அக்டோபர் 23ஆம் நாள் பின்னிரவில், ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பலிகொண்டது. எச்சரிக்கை ஒலி எத்தனை பேருக்குக் கேட்டது, கேட்டவர்க்கு அதன் பொருள் விளங்கியதா என்ற கேள்விகள் பின்னர் எழுந்தன. மலைச்சரிவின் அடியிலும் ஆற்றோரத்திலும் வாழும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நாம் அக்கேள்விகளைக் கடந்து போய்விட முடியாது.

கருவி வைத்த இடத்தில்தான் காவல் இருக்கும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 2025 டிசம்பர் 20 அதிகாலையில் அசாம் மாநில ஹோஜாய் மாவட்டத்தில் ராஜ்தானி விரைவு வண்டி மோதி யானைக் கூட்டமொன்று சிதைந்தது. மதுக்கரையின் 12 கோபுரங்களால் அந்த யானைகளுக்கு என்ன பயன்?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிரலாக்கப் பாடத்தில் பாய்வு வரைபடம் வரையும்போது, 'எச்சரிக்கை அனுப்பு' என்ற கட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அதன்கீழ் இன்னும் இரண்டு கட்டங்களை வரையச் சொல்லுங்கள்: யார் கேட்பார்? கேட்டவர் என்ன செய்வார்?

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் இதைச் செய்யலாம். நள்ளிரவில் சங்கொலி கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவது, பாட்டியை யார் கைப்பிடித்து அழைத்துச் செல்வது என்று இன்றிரவு உணவு வேளையிலேயே பிள்ளைகளோடு பேசி முடிவு செய்யுங்கள். அதற்குக் கணினி வேண்டியதில்லை.