விமான நிலையமும் வாடிவீடும்

இலண்டனுக்குத் தெற்கேயுள்ள குரொய்டன் என்னும் இடத்தில் 1928ஆம் ஆண்டு ஒரு விடுதி எழுந்தது. விமான நிலையத்தின் அருகே, அதன் பிரயாணிகளுக்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் விடுதிகளுள் ஒன்று அது. 1959இல் அவ்விமான நிலையம் மூடப்பட்டது; விடுதியோ நிலைத்துவிட்டது. 2028இல் அதற்கு நூற்றாண்டு நிறைவெய்தும். கிளிநொச்சியில் இருப்பவனுக்குக் குரொய்டனைப் பற்றி என்ன கவலை என்று வாசகர் வினவுவாராயின், அவ்வினா நியாயமானதே.

அக்காலத்து விமானங்கள் பெரும்பாலும் பகலிலேயே பறந்தன. குரொய்டனிலிருந்து கராச்சிக்கு 1929இல் விமானத் தபாற்சேவை தொடங்கியபோது, வழிநெடுகப் பிரயாணிகள் இராத் தங்க இடம் வேண்டியதாயிற்று. ஈராக்கின் பாலைவனத்தில் ருட்பா என்னுமிடத்திலிருந்த கோட்டையொன்று அவர்களுக்குச் சோறும் படுக்கையும் அளித்தது. கோட்டை விடுதியாவது நமக்குப் புதிதன்று. ஆனையிறவில் ஒல்லாந்தர் கட்டிய சிறுகோட்டையும் பிற்காலத்தில் வாடிவீடாயிற்று அன்றோ! கடனீரேரிக் காற்று வீசும் அந்த வாடிவீட்டைப் பற்றி முதியோர் பேசத் தொடங்கினால் எளிதில் நிறுத்தமாட்டார்கள். போர் அதனை விட்டுவைக்கவில்லை.

வடபகுதிப் புகையிரதப் பாதை 1905 ஆகஸ்டிலேயே முழுமையுற்றது. அவ்வாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணியேற்க வந்த லெனார்ட் வூல்ப், அநுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரை மாட்டுவண்டித் தபாற்கோச்சிலேயே வன்னிக் காட்டைக் கடந்தார். அத்தகைய வழிப்போக்கர்க்காகவே வவுனியாவிலும் மாங்குளத்திலும் முல்லைத்தீவிலும் வாடிவீடுகள் இருந்தன. வாகனம் விரைவுபெற, அவற்றின் தேவை குறைந்தது.

வன்னியில் விமானத்தளங்கள் இல்லாமலில்லை. வவுனியாவில் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை தளம் அமைத்தது. இரணைமடுவிலும் ஓடுபாதை உண்டு. எனினும் அவை படைகளின் பாதைகள். பெட்டியும் கையுமாக நம்மவர் காத்திருந்த இடம் கட்டுநாயக்காவே.

அந்தக் காத்திருப்பை அனுபவித்தவரே அறிவர். என் இளைய மகள் வெளிநாடு சென்றபோது, வாகனம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி எண்மர் புறப்பட்டோம். அதிகாலை விமானம். ஆகையால் நீர்கொழும்புப் பக்கத்து விடுதியொன்றில் ஓர் அறை எடுத்தோம். படுக்கை இரண்டு, படுத்தவர் ஒருவருமில்லை. சரக்குத்தூளும் பனங்கட்டியும் நிறையை மிகுத்துவிட்டனவென்று பெட்டியை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே அவள் தாய் இரவைக் கழித்தாள். பனங்கட்டியை வெளியே எடுக்கும்படி மகள் சொன்னாள். தாய் அதனை எடுத்துவிட்டு, அவளுடைய சேலையொன்றையும் எடுத்து, பனங்கட்டியை மீண்டும் உள்ளே வைத்தாள். மகள் கண்டும் காணாதவள்போல இருந்தாள். அவ்வறைக்கு நான் கொடுத்த வாடகை எங்கள் நிலைக்கு அதிகந்தான். ஆயினும் விமான நிலைய வாயிலில், ஆயிரம் பேர் நடுவே, அந்தச் சேலையை எடுத்து வைத்திருக்க முடியுமா? விமான விடுதிகளின் சரித்திரத்தை எழுதுவோர் அறைகளின் தொகையைச் சொல்வார்கள்; இத்தகைய இரவுகளைச் சொல்வதில்லை.

நிற்க. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17ஆந் திகதி சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. 1947 டிசம்பரில் எயர் சிலோனின் முதற் பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் போனதும் இவ்வழியேதான். 2020இல் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. மருத்துவத்திற்கும் கலியாணத்திற்கும் சென்னை செல்லும் வன்னியார், கொழும்புவரை தெற்கே போய்த் திரும்பி வடக்கே பறக்கும் விசித்திரம் இதனால் நீங்கியது.

அங்கே மாடமாளிகை எழவேண்டுமென்று நான் கேட்கவில்லை. முல்லைத்தீவின் ஒதுக்குப்புறக் கிராமமொன்றிலிருந்து முதல்நாளே புறப்பட்டு வரும் நோயாளிக்கும், வழியனுப்ப வரும் சுற்றத்தாருக்கும் பழைய வாடிவீட்டைப் போன்ற ஒன்று போதும். அகன்ற விறாந்தை, சாய்மனைக் கதிரைகள், கேட்டவுடன் தேநீர், பெட்டியை அவிழ்த்துக் கட்ட வெளிச்சமுள்ள ஓர் அறை. நிறை பார்க்க ஒரு தராசும் வைப்பார்களானால் பெரும் புண்ணியம்.