144 போகுமா சார்?

எல்லா ஆபீஸிலும் ஒரு பைக் பைத்தியம் உண்டு. எங்கள் செக்‌ஷனில் இருப்பவனுக்கு வயசு 26. சம்பளத்தில் பாதி ஒரு பழைய 100 சிசி டூ-ஸ்ட்ரோக்குக்குப் போகிறது. சிலிண்டரைக் குடைந்து, சைலன்ஸரை மாற்றி, அதை ரேஸ் வண்டியாக்கி வைத்திருக்கிறான். இருங்காட்டுக்கோட்டையில் ஓட்ட வேண்டும் என்பது லட்சியம். அதற்காக சொசைட்டியில் லோன் போட்டதும், அது அவன் அப்பாவுக்குத் தெரியாது என்பதும் கேன்டீன் வரை தெரியும்.

ஒருநாள் என் டேபிளில் ஒரு பேப்பரை வைத்தான். "சார், நம்ம வண்டி 144 போகும். கணக்குப் போட்டாச்சு."

144 என்றால் என் தலைமுறைக்குத் தடை உத்தரவுதான் ஞாபகம் வரும். (அதற்கும் 2024-ல் புதுச் சட்டம் வந்து நம்பரை மாற்றிவிட்டார்கள்.) பேப்பரைப் பார்த்தேன்.

இன்ஜின் நிமிஷத்துக்கு 10,000 சுற்று. கிளட்ச் பக்கத்துப் பல்சக்கரத்தில் அது மூன்றில் ஒரு பங்காகிறது. டாப் கியர் ஒன்றுக்கு ஒன்று. முன் ஸ்பிராக்கெட்டில் 14 பல், பின்னால் 35; அங்கே இன்னொரு இரண்டரை. ஆக மொத்தம் ஏழரை. (சனி இல்லை, விகிதம்.) பின்சக்கரம் நிமிஷத்துக்கு 1,333 தடவை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர். பெருக்கினால் நிமிஷத்துக்கு 2,400 மீட்டர், மணிக்கு 144 கிலோமீட்டர். உங்களுக்காக எண்களைக் கொஞ்சம் முழுசாக்கியிருக்கிறேன்.

பெருக்கலில் தப்பே இல்லை. ஆனால் அதில் காற்று இல்லை. வண்டியை ஸ்டாண்டில் போட்டு முறுக்கினாலும் பின்சக்கரம் 144-ல் சுற்றும். ரோட்டில் இறங்கினால்தான் வம்பு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு. அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான சக்தி எட்டு மடங்கு! ஒரு கட்டத்தில் இன்ஜின் கொடுப்பதும் காற்று பிடுங்குவதும் சரிக்குச் சரியாகிவிடும். உச்ச வேகம் அங்கேதான்.

"அதெல்லாம் புக்ல சார்" என்றான்.

பிராக்டீஸ் நாளில் கூடவே போனேன். ரேஸ் வண்டி என்பதால் ஸ்பீடாமீட்டரைக் கழற்றியிருந்தான். நல்லதாய்ப் போயிற்று, அந்த முள் பொதுவாகவே கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். நேர்ப்பாதையில் 200 மீட்டர் அளந்து, அந்த முனையில் அவன் ரூம்மேட் கர்ச்சீப்போடு, இந்த முனையில் நான் ஸ்டாப்வாட்சோடு. விரல் சதி செய்யக் கூடாதென்று பல தடவை ஓடவிட்டு சராசரி எடுத்தோம். 6.4 விநாடி. மணிக்கு 112 கிலோமீட்டர் சொச்சம்.

முகம் தொங்கிப்போயிற்று. "பெரிய கார்புரேட்டர் ஒண்ணு போட்டா சரியாயிடும் சார். இன்னொரு லோன்..."

"டாக்கோமீட்டர் என்ன காட்டிச்சு?"

"டாப் கியர்ல 7,800. அதுக்கு மேல ஏறலை."

அதை அவன் ஃபார்முலாவிலேயே போட்டுப் பாருங்கள்: 112.3 வருகிறது. ஃபார்முலா பொய் சொல்லவில்லை, 10,000 என்ற கற்பனைதான் சொன்னது. 144-ஐ எட்ட அவனுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி வேண்டும். ஒரு கார்புரேட்டர் அதைக் கொடுக்காது.

ஆனால் அந்த இன்ஜினுக்கு முழு பலம் வருவதே 9,500-க்கு மேல்தான். 7,800-ல் அது பாதித் தூக்கத்தில் இருந்தது. பின்னால் 35 பல்லை எடுத்துவிட்டு 42 பல் போடச் சொன்னேன். "அது பிக்கப்புக்கு சார், ஸ்பீடு குறையும்" என்று அடித்துப் பேசினான். செயினில் சில கண்ணிகள் சேர்த்து மாட்டினோம். மொத்த விகிதம் 9. இப்போது 9,750 சுற்று, மணிக்கு 117! ஸ்டாப்வாட்சும் 6.15 என்று ஒத்துக்கொண்டது. இன்னொரு லோன் பேச்சு அன்றோடு நின்றது.

காற்றை ஏமாற்ற இன்னொரு வழி, உருவத்தை மாற்றுவது. நியூஸிலாந்துக்காரர் பர்ட் மன்ரோ, 1920-ம் வருஷத்து இந்தியன் ஸ்கவுட் பைக்குக்கு மீன் மாதிரி ஒரு கூடு செய்து, தானும் உள்ளே படுத்துக்கொண்டு, 1967-ல் அமெரிக்காவின் பான்னவில் உப்புத் தரையில் மணிக்கு 296 கிலோமீட்டர் தொட்டார். அப்போது அவருக்கு வயசு 68. ரிட்டயரானதும் வாக்கிங் போகிற ஜாதியில்லை. அங்கே சாதனை என்றால் போக ஒரு ஓட்டம், வர ஒரு ஓட்டம், இரண்டின் சராசரி. பின்காற்றில் பறந்துவிட்டு மீசை முறுக்க முடியாது.

இதைச் சொன்னதிலிருந்து நம்மாள் டேங்க் மேல் பல்லி மாதிரி ஒட்டிப் படுத்துப் பழகுகிறான். போன வாரம் பரோட்டாக் கடையில் கவலையோடு கேட்டான்: "சார், நான் வெயிட் குறைச்சா டாப் ஸ்பீடு ஏறுமா?"

"சமதரையில் பெரிசா ஏறாது. வேகம் பிடிக்கிறதுதான் சீக்கிரமாகும்."

"அப்ப டாப் ஸ்பீடுக்குப் பாதகமில்லையே?" என்றவன், மாஸ்டரைக் கூப்பிட்டு இன்னும் ரெண்டு பரோட்டா சொன்னான்.